கருத்தக் கத்தாழையும் பெர்லின் டாக்டரும்

பதிவு எழுதி ரொம்ப நாளாச்சு. தலைப்பைப் பார்த்து சமையல் குறிப்புன்னு நினைச்சு வந்தவங்க மன்னிக்கணும், இது சரித்திரப் பதிவு. கொஞ்சம் நீளம் வேற. டீயோ காபியோ எடுத்துக்கிட்டு உட்காருங்க :-)

எனக்குச் சொந்த ஊர் கொல்லிமலை, வளப்பூர் நாடு. நாடுன்னதும் பாஸ்போர்ட் கேட்காதீங்க. எங்க மலையில பல ஊர்கள் சேர்ந்தா ஒரு நாடு. வாழவந்தி நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடுன்னு வரிசையா இருக்கும். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தா மிளகு, காப்பி, பலா, வாழை எல்லாம் கிடைக்கும். கிடைக்காத ஒன்று கடல். காக்கா பறக்கிற கணக்குல பார்த்தாலே கடல் எங்களுக்கு 150 கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம்.

அதனால சின்ன வயசுல எனக்குத் தெரிஞ்ச கடல் மீன் எல்லாம் கருவாடுதான். கீழே இருந்து மூட்டை கட்டிக்கிட்டு ஒரு தாத்தா சந்தைக்கு வருவார். அம்மா அவர்கிட்ட "கத்தாழை இருக்கா?"ன்னு கேட்பாங்க. எனக்குப் புரியவே புரியாது. எங்க காட்டு ஓரத்துல முள்ளு முள்ளா நிற்கிற கத்தாழையை எதுக்கு இவர் உப்புப் போட்டு காய வைக்கிறார்? செடி எப்படி இப்படி நாறும்? ரொம்ப நாள் இந்தச் சந்தேகத்தோடவே அந்தக் குழம்பைச் சாப்பிட்டேன்.

அந்தக் கருவாட்டுத் தலையை உடைச்சா உள்ளே ரெண்டு வெள்ளைக் கல் இருக்கும். வழவழன்னு, பல்லு மாதிரி. நானும் தங்கச்சியும் அதைச் சேர்த்து வச்சு விளையாடுவோம். இந்தக் கல்லை ஞாபகம் வச்சுக்கோங்க, பதிவு முடியறதுக்குள்ள திரும்ப வரும்.

எங்க நாட்டுல இன்னொரு வகை மீனும் உண்டு. பெரியகோவிலூர் அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்துல ஓடுற ஐயாற்று மீன். அதை யாரும் பிடிக்க மாட்டாங்க. முன்னொரு காலத்துல யாரோ பிடிச்சு, அறுத்து, குழம்பு வச்சாங்களாம். கொதிக்கிற சட்டியில இருந்து துண்டுகள் எல்லாம் ஒண்ணாச் சேர்ந்து மறுபடி ஆத்துல குதிச்சுதாம். அறுத்த மீனைப் பொருத்தினவர் எங்க சாமின்னு சொல்லுவாங்க. கோயிலுக்கு வர்றவங்க மீனுக்குப் பொரி போட்டுட்டுத்தான் ஆகாய கங்கை அருவிக்கு இறங்குவாங்க.

அந்த மீன் என்ன மீன்னு எங்க ஊர்ல யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. "சாமி மீன்", அவ்வளவுதான். பிடிக்கிறதில்லை, விக்கிறதில்லை, சமைக்கிறதில்லை. அப்புறம் பிரிச்சுப் பார்க்க என்ன அவசியம்? எதைப் பிடிச்சு, விலை பேசி, தின்னு வாழறோமோ அதைத்தான் நாம பெயர் சொல்லிப் பிரிக்கிறோம். மிளகுல எத்தனை ரகம்னு எங்க ஊர்ல கேளுங்க, மூச்சு விடாம சொல்லுவாங்க. மீன்ல எத்தனை ரகம்னு கேட்கணும்னா கடற்கரைக்குத்தான் போகணும்.

நான் அங்கே போனப்போ வயசு 18 ஆயிடுச்சு. சென்னையில அறையெடுத்துத் தங்கினோம், கூட இருந்தவன் தூத்துக்குடிக்காரன். ஒரு ஞாயித்துக்கிழமை "மாப்ள, சீலா வாங்கிட்டு வாடா, நான் வைக்கிறேன் குழம்பு"ன்னு காசு கொடுத்து அனுப்பினான். மார்க்கெட்ல போய் சீலா கேட்டேன், கொடுத்தாங்க. வீட்டுக்குக் கொண்டு வந்தா பையைத் திறந்து பார்த்துட்டு என்னை முறைக்கிறான். "ஏலே, இது ஊளிலே!" அவன் ஊர்ல சீலான்னா வஞ்சிரம். சென்னையில சீலான்னா நீளமூக்கும் ஊசிப்பல்லுமா இருக்கிற வேற மீன், அதுக்கு அவன் ஊர்ல பேரு ஊளி. கடைக்காரர் பொய் சொல்லலை, நானும் தப்பாக் கேட்கலை, அவனும் சரியாத்தான் சொன்னான். ஆனா குழம்பு மாறிப்போச்சு.

இந்தச் சிக்கலைத் தீர்க்கிறதுக்காகத்தான் ஸ்வீடன்காரர் லின்னேயஸ் ஒரு வழி பண்ணினார். எல்லா உயிருக்கும் லத்தீன்ல ரெண்டு சொல்லுல ஒரு பெயர். முதல் சொல் பேரினம், ரெண்டாவது இனம். விலங்குகளுக்கு இந்தக் கணக்கு 1758-ல் வந்த அவரோட புத்தகத்தின் பத்தாம் பதிப்புல இருந்து ஆரம்பிக்குது. யார் முதல்ல முறைப்படி பெயர் வச்சாங்களோ அந்தப் பெயர்தான் நிக்கும், பின்னால வச்சது தள்ளுபடி.

நம்ம கடல் மீன்களுக்கு அப்படி முதல்ல பெயர் வச்சது யாருன்னு தேடப் போனா, தரங்கம்பாடியில போய் நிற்க வேண்டியிருக்கு. எங்க ஐயாறு புளியஞ்சோலை வழியா இறங்கி, திருச்சி மாவட்டத்துல காவிரித் தண்ணியோட கலக்குது. காவிரி கடல்ல சேர்ற பூம்புகாருக்குத் தெற்கே கொஞ்ச தூரத்துலதான் தரங்கம்பாடி. சாமி மீன் குளிச்ச தண்ணி போய்ச் சேர்ற கரை, நாங்களும் சொந்தம் கொண்டாடலாம்!

1620-ல் இருந்து 1845 வரைக்கும் தரங்கம்பாடி டென்மார்க்காரங்க கையில இருந்தது. அங்கே இருந்த லுத்தரன் மிஷனுக்கு 1771-ல் ஜெர்மனியில இருந்து ஒருத்தர் வந்தார். பெயர் கிறிஸ்தோஃப் சாமுவேல் ஜான். பள்ளிக்கூடம் நடத்தினார், பிரசங்கம் பண்ணினார், மிச்ச நேரத்துல சிப்பி, பாம்பு, மீன்னு கண்ணுல பட்டதையெல்லாம் சேகரிச்சார். 1813-ல் சாகும் வரை அவர் ஊர் திரும்பலை.

அவர் மீன்களை அனுப்பின முகவரி பெர்லின்ல மார்கஸ் எலீசர் ப்ளாக். 1723-ல் பிறந்த யூத டாக்டர். வைத்தியம் பார்த்துச் சம்பாதிச்சதை மீன்ல போட்டவர். 1782-ல் இருந்து 1795 வரைக்கும் பன்னிரண்டு தொகுதி, 432 வண்ணப் படங்களோட மீன் புத்தகம் போட்டார். ஆரம்பத் தொகுதிகள் சொந்தக் காசுல. (காசு கிடைக்காம எழுதிக்கிட்டே இருக்கிற நம்ம ஜாதிதான் :-)) ப்ளாக் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. அவர் பார்த்ததெல்லாம் சாராயத்துல ஊறின மீனும், காய்ஞ்ச தோலும்தான். சூயஸ் கால்வாய் வராத காலம். ஆப்பிரிக்காவைச் சுத்தி மாசக்கணக்கா கப்பல்ல போய்ச் சேரணும். எனக்கு மலைமேல கருவாடு வந்த மாதிரிதான் அவருக்கும் வந்திருக்கு. நிறம் போயிருக்கும், கண்ணு சுருங்கியிருக்கும். துடுப்புல எத்தனை முள்ளுன்னு எண்ணி, பல்லைப் பார்த்து, செதிலைப் பார்த்துத்தான் அடையாளம் கண்டுபிடிக்கணும்.

நன்றிக் கடனா ஜான் பெயரை மீனுக்கு வச்சார். சங்கரான்னு நாம பொதுவா சொல்ற கூட்டத்துல ஒண்ணுக்கு 1792-ல் ஜானின் பெயர் வந்தது. இன்னைக்கு அதுக்குப் பெயர் லுட்ஜானஸ் ஜோனீ. அடுத்த வருஷம் ஒரு பேரினத்துக்கே ஜோனியஸ்னு வச்சார். தரங்கம்பாடியில இருந்த இன்னொரு மிஷனரி ராட்லர், செடிகொடி ஆராய்ச்சி பண்ணினவர், தமிழ் அகராதி தொகுத்தவர். அவர் பெயரும் ஒரு மீனுக்கு வந்தது. ஆனா அது லின்னேயஸ் 1758-லேயே பெயர் வச்சிருந்த வங்கடைன்னு பிறகு தெரிஞ்சுது. பழைய பெயர்தானே நிக்கும்? ராட்லர் அவுட், ஜான் நாட் அவுட்.

சரி, இப்ப என் கத்தாழைக்கு வர்றேன். ஜோனியஸ்னு ப்ளாக் பெயர் வச்சது வேற எதுக்கும் இல்லை, கத்தாழைக் கூட்டத்துக்குத்தான். 1793-ல் அந்தப் பேரினத்துல ஒரு மீனுக்கு அவர் வச்ச முழுப்பெயர் ஜோனியஸ் கருட்டா.

லத்தீன்னு நினைச்சு அகராதியைப் புரட்டாதீங்க. ரெண்டு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க. கருட்டா... கருத்தா... ஆமாங்க, நம்ம "கருத்த"தான்! கருத்தக் கத்தாழை. ஐரோப்பியக் காதும் ஐரோப்பிய எழுத்தும் தாண்டிப் போனதுல 'த' கொஞ்சம் கெட்டியாயிடுச்சு, அவ்வளவுதான். இன்னைக்கும் உலகம் முழுக்க அதுதான் அந்த மீனோட செல்லுபடியாகிற பெயர். ஐ.நா.வின் உணவு விவசாய நிறுவனம் வச்சிருக்கிற ஆங்கிலப் பெயர்ல கூட "கரட்" இருக்கு. இதை முதல்ல படிச்ச அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை.

ஏன்னா இதுக்குள்ள ஒரு காட்சி ஒளிஞ்சிருக்கு. ஜான் துரைக்கோ அவர் அனுப்பின ஆளுக்கோ தரங்கம்பாடிக் கரையில ஒரு மீனவர் இந்த மீனைக் காட்டி, "இது கருத்தக் கத்தாழை"ன்னு சொல்லியிருக்கணும். வெறும் கத்தாழைன்னு சொல்லலை. எந்தக் கத்தாழைன்னு பிரிச்சுச் சொல்லியிருக்கார். பிரிச்சதாலதான் அந்தச் சொல் பெர்லின் வரைக்கும் போச்சு. பெயர் வச்சவர் ப்ளாக். அனுப்பினவர் ஜான். ரெண்டு பேரும் புத்தகத்துல இருக்காங்க. சொன்னவர் யாருன்னு ஒரு எழுத்து கிடையாது. அவர் சொன்ன அந்த ஒரு சொல் மட்டும் இருக்கு.

இன்னொன்றும் கவனிங்க. கருத்தக் கத்தாழை, வெள்ளை வாவல், தேங்காய்ப்பாறை, எலிச்சூரை. கூட்டத்துக்கு ஒரு பெயர், அதுக்குள்ள ஆளைக் காட்ட ஒரு அடைமொழி. லின்னேயஸ் லத்தீன்ல ரெண்டு சொல்லா வச்சதும் இதே கணக்குதானே? வரிசை மட்டும் மாறும். அவர் கூட்டத்தை முன்னால வச்சார், நாம பின்னால வைக்கிறோம். லின்னேயஸைப் படிச்சா நம்ம மீனவர்கள் இப்படிப் பெயர் வச்சாங்க? பிரிச்சுப் பார்த்துப் பிழைக்கிற யாருக்கும் இந்த முறை தன்னால வரும்னு நினைக்கிறேன்.

அதுக்காக "எல்லாம் நம்ம முன்னோர்கள் அன்றே"ன்னு கொடி பிடிக்க நான் வரலை. கரைக்காரங்க கணக்கும் இடறும். வெள்ளை வாவல், கருப்பு வாவல்னு ரெண்டு சொல்றோம். தட்டையா, சாய்சதுரமா, பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனா உடல் அமைப்பைப் பார்த்தா கருப்பு வாவல் பாறைக் குடும்பத்து மீன். வாவலுக்கும் அதுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. இதுல வேடிக்கை என்னன்னா, பெர்லின் டாக்டரும் ஏமாந்தார்! 1795-ல் அதை வாவல் கூட்டத்துலதான் சேர்த்து வச்சார். பிறகு வந்தவங்கதான் பிரிச்சாங்க. டாக்டர் 1799-ல் காலமானார். சுமார் 1,500 இனங்களோட அவரோட கடைசிப் புத்தகத்தை 1801-ல் ஷ்னைடர் என்பவர் முடிச்சு வெளியிட்டார். அதுல மீன்களைத் துடுப்பு எண்ணிக்கையை வச்சு வகுப்பு பிரிச்சிருந்தாங்க. சட்டையில எத்தனை பட்டன்னு எண்ணி ஜாதகம் கணிக்கிற மாதிரி. அந்த வகைப்பாடு நிக்கலை. ஆனா அதுல இருந்த பெயர்கள் நின்னுச்சு.

தரங்கம்பாடிக்கு வடக்கே, விசாகப்பட்டினத்துலயும் இதே காலத்துல ஒரு ஆள் இருந்தார். பேட்ரிக் ரஸ்ஸல், கிழக்கிந்தியக் கம்பெனி டாக்டர். கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்துல இவர் பெயர்தான். 1803-ல் விசாகப்பட்டினத்து மீன்கள் 200-க்குப் படம் போட்டுப் புத்தகம் கொண்டு வந்தார். அவர் லத்தீன்ல ரெட்டைப் பெயர் வைக்கலை. மீனவர்கள் சொன்ன தெலுங்குப் பெயரையே படத்துக்கு எழுதினார். பாரீஸ்ல இருந்த கியூவியே அந்தப் படங்களைப் பார்த்து முறைப்படி பெயர் வச்சார். அப்படி 1816-ல் வந்ததுதான் நம்ம அயிலைக்கு இன்றும் இருக்கிற ராஸ்ட்ரெல்லிகர் கனகுர்தா. கனகுர்தா தெலுங்கு. சென்னைப் பக்கம் அதே மீனைக் கானாங்கெளுத்தின்னு சொல்றோம், காதுக்குச் சொந்தக்காரங்க மாதிரி கேட்குதா? அதே மாதிரி ஊளி வகை ஒண்ணுக்கு ரஸ்ஸல் எழுதினது ஜெல்லோ. 1829-ல் அது ஸ்ஃபைரீனா ஜெல்லோ ஆச்சு. என் நண்பன் குழம்பைக் கெடுத்த சென்னைச் சீலாவும் இந்த ஜெல்லோவும் ஒரே வேர்தானான்னு மொழி ஆராய்ச்சி பண்ற பதிவர்கள் சொல்லணும்.

புதுச்சேரிக்கும் இதுல பங்கு உண்டு. பிரெஞ்சுக்காரங்க அங்கேயிருந்து பாரீஸ் அருங்காட்சியகத்துக்கு மீன் அனுப்பிக்கிட்டே இருந்தாங்க. கேரளாவே தன் சொத்துன்னு நினைக்கிற மத்தி இருக்கே, 1847-ல் வலென்சியென் அதுக்கு சார்டினெல்லா லாஞ்சிசெப்ஸ்னு பெயர் வச்சப்போ கையில இருந்தது புதுச்சேரி மீன்தான். (மலையாள நண்பர்கள் சண்டைக்கு வரலாம், தயார்.)

அதுக்கப்புறம் மொத்தத்தையும் ஒரே இடத்துல கொண்டு வந்தவர் ஃபிரான்சிஸ் டே. மெட்ராஸ் ராணுவ டாக்டர், பிறகு இந்தியாவுக்கே மீன்வள இன்ஸ்பெக்டர் ஜெனரல். மீன்னாலே டாக்டர்கள்தான் வருவாங்க போல! 1875-ல் இருந்து 1878 வரை பகுதி பகுதியா வந்த அவரோட "இந்திய மீன்கள்" புத்தகத்துல 1,400-க்கு மேல் இனங்கள் இருக்கு. எனக்கு அவரைப் பிடிச்சதுக்குக் காரணம் வேற. ஒவ்வொரு மீனுக்கும் கீழே தமிழ், தெலுங்கு, மலையாளம்னு கரையில கேட்ட பெயர்களைக் குறிச்சிருப்பார். லண்டன் அருங்காட்சியகத்து குந்தருக்கும் இவருக்கும் ஆகாது. இவர் மீன்களில் ஒரு பெரிய பங்கு கடைசியில சிட்னி அருங்காட்சியகத்துக்குப் போச்சு. நம்ம கரையில பிடிச்ச மீனைப் பார்க்கணும்னா பெர்லின், பாரீஸ், லண்டன், சிட்னின்னு நாலு விசா எடுக்கணும். இந்தியாவுக்குன்னு ஒரு மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் 1947-ல்தான் வந்தது. பல வருஷம் அதுக்குத் தலைமையிடம் நம்ம மண்டபம், 1971-ல் கொச்சிக்குப் போச்சு.

இப்ப அந்த வெள்ளைக் கல். கத்தாழைகளைப் பிரிக்கிறதுதான் மீன் ஆராய்ச்சியிலயே தலைவலி பிடிச்ச வேலை. வெளியே எல்லாம் ஒரே மாதிரி வெள்ளி, சாம்பல். 1977-ல் லண்டன் அருங்காட்சியகத்து எதெல்வின் ட்ரெவாவாஸ் என்ற அம்மா இந்தோ-பசிபிக் கத்தாழைகளைப் பத்தி ஒரு பெரிய ஆராய்ச்சி வெளியிட்டாங்க. தோலை மட்டும் பார்க்காதே, தலையைத் திறந்து செவிக்கல்லைப் பார், வயித்தைத் திறந்து காத்துப்பையைப் பார் என்பதுதான் சுருக்கம். ஜோனியஸ் கூட்டத்துக்குக் காத்துப்பை சுத்தியல் மாதிரி இருக்கும். செவிக்கல்லோட வடிவமும் அதுல இருக்கிற பள்ளமும் கூட்டத்துக்குக் கூட்டம் மாறும். நானும் தங்கச்சியும் திண்ணையில உருட்டி விளையாடினது அந்த மீன்களோட அடையாள அட்டை! கருவாட்டுத் தாத்தா வித்தது எந்தக் கத்தாழைன்னு அந்தக் கல்லு சொல்லியிருக்கும். எங்களுக்குத்தான் படிக்கத் தெரியலை.

இப்பெல்லாம் மரபணுவை வச்சே பிரிக்கிறாங்க. வெள்ளை வாவல் கதையும் அப்படி மாறிடுச்சு. 1788-ல் யூஃப்ராசென் சீனக் கடல் மீனுக்கு வச்ச பெயரையே நம்ம வாவலுக்கும் ரொம்ப காலம் சொல்லிக்கிட்டு இருந்தோம். சமீப வருஷங்கள்ல மரபணுவையும் உடலமைப்பையும் சேர்த்துப் பார்த்த இந்திய ஆராய்ச்சியாளர்கள், இங்கே இருக்கிறது வேற இனம், கியூவியே காலத்துல வச்ச கேண்டிடஸ் என்ற பெயர்தான் இதுக்குப் பொருந்தும்னு காட்டினாங்க.

"சரிப்பா, பெயர் எதுவா இருந்தா என்ன, வறுத்தா ஒரே ருசிதானே"ன்னு கேட்கிறவங்களுக்கு ஒரு விஷயம் சொல்லணும். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அதுக்காகத்தான்.

2001 ஜூலையில மத்திய அரசு சுறா, திருக்கை வகை மொத்தத்தையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில சேர்த்துச்சு. புலியைச் சுட்டா என்ன தண்டனையோ அதுதான் சுறா பிடிச்சாலும். மீனவர்கள் கொதிச்சுப் போனாங்க. அதே வருஷம் டிசம்பர்ல பட்டியலை 10 இனமாகக் குறைச்சாங்க. பட்டியல்ல இருந்தது லத்தீன், ஆங்கிலப் பெயர்கள். ராத்திரி மூணு மணிக்கு நடுக்கடல்ல வலையைத் தூக்குற ஆளுக்கு அது எப்படித் தெரியும்? வேளாவா இருந்தா பரவாயில்லை, ரம்பம் மாதிரி மூக்கைப் பார்த்தாலே தெரிஞ்சிடும். மத்ததுக்கு?

அந்தப் பத்துல ஒண்ணு ரிங்கோபேட்டஸ் ஜிட்டென்சிஸ். நம்ம கரையில உழுவைன்னு சொல்ற கூட்டம் (உளுவைன்னும் சொல்வாங்க). முன்பக்கம் திருக்கை, பின்பக்கம் சுறா மாதிரி இருக்கும். ஜிட்டென்சிஸ்னா ஜித்தா ஊர்க்காரன்னு அர்த்தம். செங்கடல்ல பிடிச்ச மீனுக்கு 1775-ல் ஃபோர்ஸ்கால் புத்தகத்துல வந்த பெயர். இந்தியக் கரையில எந்த உழுவை கிடைச்சாலும் இந்தப் பெயரையே எழுதிக்கிட்டு இருந்தாங்க. பிறகு நல்லாப் பிரிச்சுப் பார்த்தப்போ தெரிஞ்சுது, ஜித்தாக்காரன் செங்கடல், ஆப்பிரிக்கக் கிழக்குக் கரையோட சரி. நம்ம கடல்ல இருக்கிறது லேவிஸ், ஆஸ்திரேலியே போன்ற வேற இனங்கள். இதுல லேவிஸ் என்ற பெயர் எங்கே இருக்கு தெரியுமா? நம்ம ப்ளாக், ஷ்னைடர் போட்ட அதே 1801 புத்தகத்துல! இருநூறு வருஷமா பெயர் தயாரா இருந்தும், நாம பக்கத்து வீட்டுக்காரன் பெயர்ல பத்திரம் எழுதியிருக்கோம்.

துடுப்புக்காக இந்த மீன்களுக்கு உலகச் சந்தையில பெரிய விலை. ஜித்தாக்காரன், லேவிஸ், ஆஸ்திரேலியே மூணையுமே அழிவின் விளிம்புல இருக்கிறதா ஐ.யு.சி.என். அறிவிச்சிருக்கு. 2022-ல் சட்டத்தைத் திருத்தினப்போ கடல் இனங்களோட பட்டியலைப் பெருசாக்கினாங்க. ஆனா அதுக்கு முன்னால இருபது வருஷம், இல்லாத மீனுக்குக் காவல் போட்டு, இருக்கிற மீனை எழுத்துல அம்போன்னு விட்டிருந்தோம். பெயர் தப்பினா என்ன ஆகும்னு கேட்டா இதுதான் ஆகும். ஒரு பக்கம் தெரியாம பிடிச்சவர் குற்றவாளி ஆகலாம், இன்னொரு பக்கம் ஒரு மீன் சத்தமில்லாம காணாமப் போகலாம்.

இதுல கரைக்காரங்க என்ன சொல்றாங்கன்னு கேட்கிற பழக்கம் நமக்குக் குறைஞ்சு போச்சோன்னு தோணுது. ஜான் கேட்டார். ரஸ்ஸல் கேட்டார். டே கேட்டார். கேட்டதை எழுதினாங்க, சொன்னவர் பெயரைத்தான் விட்டுட்டாங்க. இன்னைக்கு ஏலக்கூடத்துல பல கத்தாழைகள் ஒரே கூடையில "கத்தாழை"ன்னு போகுது, காரலும் அப்படித்தான். அந்தக் கூடையைப் பிரிச்சுப் பெயர் சொல்லத் தெரிஞ்ச பெரியவர்கள் ஒவ்வொருத்தரா போயிக்கிட்டு இருக்காங்க. பிள்ளைகள் படிச்சு வேற வேலைக்குப் போறது நல்ல விஷயம்தான், வேண்டாம்னு சொல்ல நாம யாரு. ஆனா அந்த அடைமொழிகள் போச்சுன்னா, எந்தக் கத்தாழை குறையுதுன்னு சொல்ல ஆள் இருக்காது. எல்லாம் "மீன்"னு ஆயிடும், எங்க ஊர் சாமி மீன் மாதிரி. சாமி மீனுக்காவது பொரி போட ஆள் இருக்கு.

போன தடவை ஊருக்குப் போனப்போ சந்தையில பழைய தாத்தா இல்லை, அவர் பேரன் கடை போட்டிருந்தார். கத்தாழைக் கருவாடு இருந்தது. "தம்பி, இது எந்தக் கத்தாழை?"ன்னு கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "கத்தாழைண்ணே. கத்தாழைல என்னண்ணே எந்தக் கத்தாழை?" பக்கத்துல நின்ன அம்மா, "அவன் அப்படித்தான் சாமி ஏதாவது கேட்பான், நீ நிறுத்துக் கொடு"ன்னாங்க.

வாங்கிட்டு வந்து தலையை உடைச்சுக் கல்லை எடுத்து வச்சிருக்கேன். சுண்டு விரல் நகத்துல பாதி அளவு. கருத்ததா, வேறயான்னு பார்த்துச் சொல்லத் தெரிஞ்சவங்க கையில ஒரு நாள் கொடுக்கணும்.

கடற்கரை ஊர்ப் பதிவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்க ஊர்ல கத்தாழை, பாறை, காரல், உழுவை இதுக்கெல்லாம் என்னென்ன அடைமொழி சொல்றாங்கன்னு வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டுப் பின்னூட்டத்துல எழுதுங்க. எந்த ஊர்னு கட்டாயம் போடுங்க. அவங்களுக்குச் சம்மதம்னா, சொன்னது பாட்டியா, மாமாவான்னும் போடுங்க. இருநூறு வருஷத்துக்கு முன்னால விட்டுப்போன ஒரு மரியாதை, இப்பவாவது செய்வோம்.

பி.கு.: தூத்துக்குடி நண்பன் இந்தப் பதிவைப் படிச்சுட்டு அன்னைக்குக் கொடுத்த காசைத் திரும்பக் கேட்டா, பொறுப்பு லின்னேயஸ்தான், நான் இல்லை :-)